நொச்சியேந்தலுக்குக் கரை கட்டப் போனேன்

நொச்சியேந்தலில் எனக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" என்றுதான். யார் வீட்டுக்கும் இல்லை, உங்கள் ஊர்த் தண்ணீரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றால் நம்ப மறுத்தார்கள். தண்ணீரைப் பார்க்க யாராவது விமானம் ஏறி வருவார்களா?

மலேசியாவில் ஈப்போ எங்கள் ஊர். அங்கே ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குப் பொருளாளர். சங்கத்தில் சில குடும்பங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் பூர்வீகம். அவர்கள் வழியாகத்தான் நொச்சியேந்தலின் கதை எங்களுக்கு வந்தது (ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன்). அங்கே மூடிப்போன சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் குவாரிப் பள்ளம் நிறைந்து வழியும் தண்ணீர் பால்போல வெளுத்திருக்கும். அதைத் தெளியவைத்து ஊர்க் கண்மாய்க்கு அனுப்ப, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று குட்டைகள் வெட்டியிருந்தார்கள். இப்போது கரை உடைந்துவிட்டது, குட்டைகளில் சேறு மண்டிவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீர் நேரே கண்மாயில் போய் விழுகிறது. பழுது பார்க்கப் பணம் வேண்டும்.

சங்கத்தில் விருந்து வைத்துப் பணம் சேர்த்தோம். "தண்ணி விஷயம். நீங்களே போய்ப் பார்த்து, எங்கே கட்டணும், யாருகிட்ட கொடுக்கணும்னு முடிவு பண்ணிட்டு வந்துடுங்க" என்றார் தலைவர். தலையாட்டிவிட்டேன். கரை உடைந்திருக்கிறது, கட்ட வேண்டும். இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அருப்புக்கோட்டையில் என்னை வரவேற்றவர் தங்கபாண்டி. சிமெண்டு, கம்பி, பைப்பு விற்கும் கடை வைத்திருக்கிறார். சங்கத்துக்குப் படங்களும் தகவலும் அனுப்பிக்கொண்டிருந்தவர் இவர்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறியவர், வாய் நிறைய "அக்கா" என்றார். அவர் மனைவி இந்திரா உடனே என்னை "மதினி" ஆக்கிவிட்டார். அந்த வீட்டில் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எனக்கு ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குக் கடைப் பரோட்டா வந்தது. எங்கள் ஊர் ரொட்டி சானாயின் தம்பி என்று நினைத்துப் பிய்த்தேன். அது முறுக்குப்போல நொறுங்கியது. இந்தப் பக்கம் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்தெடுக்கிறார்கள். எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கபாண்டி என் இலையில் அதை நொறுக்கிப்போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்து, "இப்ப சாப்பிடுங்க" என்றார். நான்கு சாப்பிட்டேன்.

காலையில் இந்திராவிடம் மரியாதைக்காக, "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அது காலை வணக்கம் மாதிரி. எனக்குத்தான் பசி என்று எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்த எனக்கு மறுபடியும் இட்லி வைத்துவிட்டார். தங்கபாண்டி எங்கே என்று கேட்டேன். "அவுக காட்டுக்குப் போயிருக்காக மதினி. இப்ப வந்துருவாக" என்றார். எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கம் காடு என்றால் மரம் மூடி இருட்டிக் கிடக்கும். யானை வரும், புலி வரும். காலையில் அங்கே என்ன வேலை? அவர் கையில் ஒரு பை கத்திரிக்காயோடு வந்த பிறகுதான், இந்த ஊரில் காடு என்றால் புஞ்சை நிலம் என்று புரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரமே இல்லாத அந்த வெட்டவெளியைத்தான் காடு என்கிறார்கள்.

கடையின் லோடு ஆட்டோவில் முன்னால் உட்கார வைத்து என்னை நொச்சியேந்தலுக்குக் கூட்டிப்போனார். சீமைக்கருவேலத்துக்கு நடுவே ஒரு பெரிய பொட்டலில் இறங்கினோம். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சுற்றிலும் பார்த்துவிட்டு, "கண்மாய் எங்கே?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ளதான் நிக்கிறோம்க்கா."

ஈப்போவைச் சுற்றி எத்தனையோ ஈயக்குட்டைகள் உண்டு. ஈயம் தோண்டி எடுத்துவிட்டு விட்டுப்போன பள்ளங்கள். மழை அவற்றை நிரப்பி ஏரியாக்கிவிட்டது. கரையில் உணவகம் வைத்து, மீன் பிடித்து, படம் எடுத்துக்கொள்கிறோம். நீர்நிலை என்றால் அதில் தண்ணீர் இருக்கும் என்று நினைத்தே ஒரு ஆயுளைக் கழித்துவிட்டேன். இங்கே வருஷத்தில் சில மாதம் தண்ணீர் தங்கினாலே அது கொண்டாட்டம். மழை இன்னும் தொடங்கவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது, எந்த நாளும் தொடங்கலாம் என்றார்கள்.

கண்மாயின் தரை வெள்ளையாக இருந்தது. காய்ந்து வெடித்து, அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து கிடந்தது. ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தேன். மாவைப்போல அத்தனை நயமான சுண்ணாம்புப் பொடி. மேலே போய்க் குட்டைகளைப் பார்த்தோம். முதல் குட்டையின் கரை ஆள் உயரத்துக்கு வாய் பிளந்திருந்தது. மற்ற இரண்டும் விளிம்புவரை வெள்ளைச் சேறு காய்ந்து மேடாகிவிட்டன. மூன்றும் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

திரும்பி வரும்போது ஒருவர் எங்களை எதிர்பார்த்துக் கரையில் நின்றிருந்தார். கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடும் விவசாயி, பெயர் முனியசாமி. ஐம்பது வயதிருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு உடனே ஆரம்பித்தார்.

"கொளத்தைக் கட்டப் போறீகளாம்ல?"

"ஆமாம். அந்தக் குட்டைகளைக் கட்டத்தான் வந்திருக்கிறேன்."

"கட்டாதீக."

தங்கபாண்டியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"இது செவல் மண்ணுக் கண்மாய், அக்கா" என்றார் முனியசாமி. "முன்னெல்லாம் தை பெறக்கதுக்குள்ள தண்ணியை மண்ணு குடிச்சிரும். நெல்லு பால் பிடிக்கிற நேரம் காஞ்சு போவும். எத்தனையோ வருசம் வைக்கோலைத்தான் அறுத்தோம். கொளத்துக் கரை ஒடைஞ்சு, இந்தச் சுண்ணாம்பு வந்து படிஞ்ச பொறவு பங்குனி வரைக்கும் தண்ணி நிக்குது. இப்பத்தான் வீட்டுக்கு நெல்லு வருது. அதைக் கெடுக்கவா மலேசியாவுல இருந்து வாரீக?"

அவர் சொன்னது தவறு என்று சொல்ல முடியாது. நயமான சேறு மண்ணின் கண்களை அடைத்துவிடும், தண்ணீர் கீழே இறங்காது. இதை நான் ஆய்வுக்கூடத்தில் வடிகட்டிகளில் தினமும் பார்த்தவள். அங்கே அதற்குப் பெயர் பழுது. இங்கே அதுவே சோறு.

"அவுக சொல்றதை மட்டும் கேட்டுட்டுப் போயிராதீகக்கா!"

கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். இடுப்பில் பிளாஸ்டிக் குடம், வெயிலில் சுருங்கிய கண். முனியசாமியின் மனைவி ராக்கம்மா. என் கையைப் பிடித்துக் கரையை ஒட்டி இருந்த ஒரு கிணற்றுக்கு இழுத்துப் போனார்.

"எட்டிப் பாருங்க."

பார்த்தேன். அடியில் பாறையும் புறா எச்சமும் தெரிந்தன.

"இதுதான் ஊருக்கே குடிதண்ணிக் கெணறு. எந்தக் கோடையிலயும் வத்துனதில்ல. இப்பல்லாம் மழைக்காலத்துல கண்மாயி நெறைஞ்சு கெடக்கும், பக்கத்துலயே இது காஞ்சு கெடக்கும். இம்புட்டுத் தண்ணியிருந்தும் சொட்டு கீழ இறங்க மாட்டேங்குது. வண்டித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில போட்டுட்டுக் காத்துக் கெடக்கோம். வண்டி வராத அன்னைக்குப் பக்கத்து ஊருக்கு ஓடுறோம். இவுக நெல்லு அறுத்துருவாக. அதை வடிக்கத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

"அதுக்குன்னு வெள்ளாமைய விட்டுர முடியுமா?" என்றார் முனியசாமி.

"குடிக்கிறதை விட்டுர முடியுமா?"

மத்தியானம் அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டேன். குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். குழம்பு கண்ணில் நீர் வரவழைத்தது. நிறுத்தவும் மனம் வரவில்லை. சாப்பிட்டு எழுந்து, செம்பை எடுத்து, எங்கள் வீட்டுப் பழக்கத்தில் கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, முகத்தையும் கழுவிக்கொண்டேன். திரும்பியபோது ராக்கம்மா வெறும் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியசாமி தன் தட்டிலேயே இரண்டு கை தண்ணீரில் விரலைக் கழுவிக்கொண்டு எழுந்தார். ஆண்டாண்டாகத் தண்ணீரைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவளுக்கு அன்று முகம் சூடாகிவிட்டது.

மறுநாள் திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பான பொறியாளரைப் பார்க்க வேண்டியிருந்தது. தங்கபாண்டிக்குக் கடையில் லோடு இறங்கும் நாள். நான் தனியாக பஸ் ஏறினேன். என் பின்சீட்டில் இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நொச்சியேந்தல்ல கொளம் கட்டப் போறாகளாம், தெரியுமால?"

"யாரு பணம்?"

"மலேசியாப் பணமாம். சிமெண்டுக் கடைக்காரரு கொண்டாறாரு. அவரு கடைச் சிமெண்டு எப்புடி ஓடும்னு நினைக்கிற?"

"அவருக்கு அங்கன கெணத்துப் பாசனக் காடும் இருக்குல்ல. அதுவும் காஞ்சு போச்சுல்ல."

"அதானே பாத்தேன்."

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கத்திரிக்காய்ப் பை நினைவுக்கு வந்தது. என்னை அக்கா என்றவர் அந்தக் காடு நொச்சியேந்தலில் இருக்கிறது என்று சொல்லவில்லையே.

அந்த யோசனையிலேயே இருந்ததால் பஸ் நின்றதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வண்டிக்கு அடியிலிருந்து புகை வந்தது. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்குக் கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கரிமூட்டை ஏற்றிய ஒரு வேன் வந்தது. இந்தப் பக்கத்தில் சீமைக்கருவேலத்தைச் சுட்டுக் கரியாக்கி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். "திருச்சுழி போற ஆளுக ஏறுங்க" என்றார் டிரைவர். முன்சீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை உட்கார வைத்தார்கள். மற்றவர்களோடு நானும் மூட்டை மேல் ஏறினேன். இரண்டு பேர் என்னைத் தூக்கிவிட்டார்கள். என் வயதில் மூட்டை மேல் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்கப் போவது பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

பொறியாளர் என்னை நிமிர்ந்து பார்த்ததும், "கரி லோடுக்கு அனுமதின்னா அது இந்த ஆபீஸ் இல்லம்மா" என்றார். கைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். மூக்கும் நெற்றியும் கறுப்பு. நான் யார் என்று விளக்கியதும் எழுந்து நின்றுவிட்டார். நல்ல மனிதர். டீ வரவழைத்தார்.

"குவாரியால பாதிச்ச ஊருகளுக்குச் செலவழிக்கவே நிதி இருக்கும்மா" என்றார்.

"அப்படியானால் எங்கள் பணம் எதற்கு?"

"புதுசா கொளம் வெட்டணும்னு கேட்டா சீக்கிரம் கிடைக்கும். இருக்கிற கொளத்தைப் பழுது பாக்கணும்னா, வெட்டுனவுகதான் பாக்கணும்பாக."

"வெட்டியவர்கள் யார்?"

"குவாரிக்காரவுக."

"அவர்கள் எங்கே?"

"மூடிட்டுப் போயிட்டாக."

"அப்படியானால் இப்போது குட்டைகள் யாருடையவை?"

"அதைத்தான் நானும் கேட்டு எழுதியிருக்கேன்" என்றார். கிண்டல் இல்லாமல், களைப்போடு சொன்னார். "பழுதுக்குன்னே பணம் கேட்டு அனுப்பியிருக்கேன். வரும்னு நம்புறேன். ஆனா மழை அதுக்காகக் காத்திருக்காதே. ஊரே ஒண்ணாச் சேந்து கேட்டா, மண்ணுக் கரை போட்டுக்கிறதுக்கு நான் அனுமதி வாங்கித் தாரேன். ஊரு சேரணும்ல? ரெண்டு தடவ போனேன். பாதி ஊரு மாலையோட வந்துச்சு, பாதி ஊரு மறிக்க வந்துச்சு."

வெளியே வந்து ஒரு கடையில் முகம் கழுவத் தண்ணீர் கேட்கலாமா வேண்டாமா என்று நின்றேன். கேட்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு கறுப்பு முகத்தோடேயே அருப்புக்கோட்டைக்குத் திரும்பினேன்.

அன்று மாலை தங்கபாண்டியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். பஸ்ஸில் கேட்டதை அப்படியே சொன்னேன். இந்திரா காராச்சேவுத் தட்டை நடுவில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"ஆமாக்கா" என்றார் தங்கபாண்டி. "எனக்கு அங்கன காடு இருக்கு. கெணறு காஞ்சிருச்சு, நாலு கத்திரிச் செடிக்குத்தான் தண்ணி காணுது. சிமெண்டு வாங்குனா என் கடையிலதான் வாங்குவாக. இதெல்லாம் பொய்யில்ல."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா வந்திருப்பீகளா?"

ஒரு காராச்சேவை எடுத்துக் கடித்தேன்.

"அவுக மூடி மறைச்சது தப்புதான் மதினி" என்றார் இந்திரா. "ஆனா அந்தக் கெணத்துல ஊரே குடிச்சுச்சு. அது பொய்யா?"

பொய்யில்லை. முனியசாமி சொன்னதும் பொய்யில்லை, ராக்கம்மா சொன்னதும் இல்லை. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! தூக்கம் வராமல் புரண்டுகொண்டே, பணத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஊர்க்கூட்டம் அடுத்த நாள் மத்தியானம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கண்மாயில் பாசனம் உள்ளவர்கள் கட்டக் கூடாது என்றார்கள். கிணற்றுப் பாசனக்காரர்களும் பெண்களும் கட்ட வேண்டும் என்றார்கள். ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். எனக்குப் பாதி புரிந்தது. பாதி புரியாதபோது தலையாட்டினேன். அதை இரண்டு பக்கமும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள்.

திடீரென்று வெளியே இருட்டியது. தகரக் கூரையில் கல் விழுவதுபோல மழை இறங்கியது. பேச்சு அப்படியே நின்றது. நல்ல மழை, ஆளுக்கு ஆள் முகம் மாறிவிட்டது. மழை கொஞ்சம் வெறித்ததும் யாரோ, "தண்ணி வருதுலே!" என்று கத்தினார்கள். ஊரே கண்மாய்க் கரைக்கு ஓடியது. நானும் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

காய்ந்து கிடந்த சேற்றைக் கரைத்துக்கொண்டு, உடைந்த குட்டையிலிருந்து வெள்ளைத் தண்ணீர் வாய்க்கால் நிறைய வந்துகொண்டிருந்தது. கண்மாய்க்குள் நுழைந்து, செம்மண் தண்ணீரோடு கலந்து, அகலமாக விரிந்தது. ஆண்கள் பக்கத்தில் சிரிப்புச் சத்தம். ராக்கம்மா என் அருகில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"போச்சு. இந்த வருசமும் அவ்வளவுதான்" என்றார்.

கூட்டத்தில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க தண்ணி படிச்சவுக. உங்க பணம். நீங்களே சொல்லுங்கம்மா, கட்டணுமா வேண்டாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை கண்கள் முன்னால் நான் நின்றதேயில்லை. எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன். "குட்டையைக் கட்டினால் புதிதாகச் சுண்ணாம்பு வராது. ஆனால் ஏற்கெனவே படிந்ததைச் சுரண்டி எடுக்காமல் கிணற்றுக்குத் தண்ணீர் இறங்காது. முழுதும் சுரண்டினால் கண்மாயில் தண்ணீர் நிற்காது. எது நல்லது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று அதற்கு அர்த்தம். அழுகை வந்துவிட்டது. மழையில் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"பாத்தியா, அவுகளுக்கே தெரியலை" என்று முனியசாமி மனைவியிடம் பாய்ந்தார். "சும்மா கெணறு கெணறுன்னு உசுரை வாங்குற. ஒனக்குக் கெணத்துக்குத்தானே தண்ணி வேணும்? அப்ப கெணத்தைச் சுத்தி மட்டும் சொரண்டிக்க, போ! மத்த எடத்துல கைய வைக்காத!"

ராக்கம்மா கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?" என்றார். "அவுக சொல்லிட்டாக. கெணத்தைச் சுத்திச் சொரண்டிக்கலாம்னு."

"ஏய், நான் கோவத்துல..."

"கோவத்துல சொன்னாலும் சொன்னதுதான்."

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. ஆண்களும் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு அடம்பிடிக்க யாராலும் முடியவில்லை. பெரியவர் என்னிடம், "அப்புடிச் செஞ்சா ஆகுமாம்மா?" என்று கேட்டார். ஆகலாம் என்றேன். ஆனால் குட்டைக் கரையைக் கட்டாவிட்டால் சுரண்டிய இடத்தை அடுத்த மழையே மூடிவிடும், ஆகவே அதையும் கட்டத்தான் வேண்டும் என்றேன். முனியசாமி தலையில் கை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை பேசிட்டு ரெண்டையும் குடுத்துட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த வருஷங்களில் கண்மாய் பழையபடி கசியத் தொடங்கினால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஊரார் அன்று மாலையே திருச்சுழிக்குப் போய்ப் பொறியாளரைப் பார்த்தார்கள். அவர் சொன்னபடி அனுமதி வாங்கித் தந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வேனில் வந்ததைப் பார்த்து, ஏதோ அடிதடி என்றுதான் முதலில் பயந்தாராம்.

நான் ஈப்போவுக்குப் போன் செய்தேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய கரையை அடைக்கிறதுக்கும் சேறு அள்ளுறதுக்குமா? புதுசா ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

"இல்லை."

"பெயர்ப் பலகை?"

"சேற்றில் எங்கே பலகை வைப்பது?"

"போட்டோவுல என்னம்மா தெரியும்?"

"மண் தெரியும்" என்றேன். தலைவர், "கூட்டத்துல நீங்கதான் விளக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். புதிதாகக் கட்ட அங்கேயும் பணம் கிடைக்கிறது, இங்கேயும் கிடைக்கிறது. கட்டியதைக் காப்பாற்றத்தான் எங்கேயும் ஆள் இல்லை.

மழை இடைவெளி விட்ட நாட்களில் வேலை நடந்தது. ஜேசிபி குட்டைகளில் மண்டிய சேற்றை அள்ளியது. குவாரியில் கிடந்த கழிவுக் கல்லையே அடுக்கி, மேலே மண்ணைக் கொட்டிக் கரையை அடைத்தார்கள். தண்ணீர் வழியும் வாயில் மட்டும் கொஞ்சம் சிமெண்டு தேவைப்பட்டது. சில மூட்டைகள்தான். தங்கபாண்டி காசு வாங்கவில்லை. "பஸ்ஸுல பேசுனவுககிட்ட யாராவது சொல்லுங்கப்பா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கிணற்றை ஒட்டிய கண்மாய்த் தரையைச் சுரண்டும் நாளில் முனியசாமி கருவேலங்குச்சிகளைக் கொண்டுவந்து எல்லை நட்டார். "இதுக்கு அங்கிட்டு ஒரு கை மண்ணு எடுக்கக் கூடாது" என்று ஜேசிபிக்காரரிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் ராக்கம்மா குச்சிகளைப் பிடுங்கி, நாலு எட்டு தள்ளி நட்டார். கடைசிக் குச்சியை நடும்போது நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் நன்றாகவே கூடியிருந்தது.

நான் புறப்பட்ட அன்று முனியசாமி ஒரு பை நிறைய வரமிளகாய் கொண்டுவந்து கொடுத்தார். கோபமா என்று கேட்டேன். "கோவம் என்னக்கா, பயந்தான்" என்றார். அவ்வளவு வெளிப்படையாக ஒருவர் சொன்ன பிறகு, சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டி ஏறினேன்.

சங்கக் கூட்டத்தில் நான் காட்டிய படங்களைப் பார்த்து யாரும் கை தட்டவில்லை. மண் கரை, வெள்ளைச் சேறு, ஜேசிபி. சிலர் கேள்வி கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். வருஷாவருஷம் கரையைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.

தைப்பூசம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். ராக்கம்மாவின் போன் வந்தது.

"அக்கா, கெணத்துல தண்ணி ஊறிருச்சு. ஒரு ஆள் ஆழம் கெடக்கு."

"குடிக்கிற மாதிரி இருக்கா?"

"இருக்கு, இருக்கு. சோறு நல்லா வேகுது."

"கண்மாய்?"

"அது இறங்கத்தான் செய்யுது. அவுக தெனமும் காலையில எழுந்திரிச்சுப் போய்க் கரையில நின்னு பாக்காக. வெயிலுக்கு இறங்குதா, கெணத்துக்கு இறங்குதான்னு அவுகளுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. நெல்லு இன்னும் பச்சையாத்தான் நிக்குது. அறுப்பு வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியல."

"முனியசாமி என்ன சொல்றார்?"

"என்னையத்தான் வைவாக" என்று சிரித்தார் ராக்கம்மா. "வஞ்சுட்டு, கெணத்துல ஒரு வாளி எறைச்சு, வயிறு நெறையக் குடிச்சுட்டுத்தான் வயலுக்குப் போறாக."